முந்தானைத் துண்டு

கண்ணு,

அப்பா சேலத்துக்கு வந்து உன்னைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். இப்போது குடிப்பதில்லையாம். பேத்தியை இரண்டு நாள் தன்னோடு அனுப்பச் சொல்கிறாராம். சந்தோஷம்.

எனக்கு ஏனோ வெள்ளக்கடை எஸ்டேட்டில் நீ வளர்ந்த பிள்ளைக் காப்பகம்தான் ஞாபகம் வருகிறது. காப்பி பூத்தால் தூளிகள் வரைக்கும் மணக்கும். ராகிக் கூழைப் பார்த்ததும் நீ வாயைத் திறந்துகொண்டு நிற்பாய். பழைய சேலைக் கரையை இரண்டாகக் கிழித்து, ஒன்றை உன் கையில் கட்டுவேன். மற்றதை என் முந்தானையில் முடிந்துகொள்வேன். யார் வந்தாலும் அந்த ஜோடித் துண்டைக் காட்டினால்தான் ஆயா மரியபுஷ்பம் அக்கா பிள்ளையைத் தருவார்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று உன்னை மட்டும் காப்பகத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பினேன். மத்தியானம் உன் அப்பா அந்த ஜோடித் துண்டோடு அங்கே போய் நின்றிருக்கிறார்.

அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "துண்டு சரிதானுங்க. ஆனா முடிச்சை அவுக்காம முந்தானையோட கிழிச்சுட்டு வந்திருக்கீங்க. சேலையைக் கட்டியிருந்த புள்ள எங்கீங்க?"

உன்னை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, எஸ்டேட் வேலை மணியை அடித்தாராம். அந்தச் சத்தத்தில்தான் எல்லாரும் நம் வீட்டுக்கு ஓடி வந்தார்கள்.

வந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அப்பா வரட்டும். காப்பி கொடு. உன் கண்ணெதிரே பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சட்டும். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் மட்டும், முந்தானை இல்லாத அந்தச் சேலை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது என்று சொல்.

உன் அம்மா