நடுங்காத கை

என் அன்பே,

நேற்று உறைந்த ஏரியின் பனிக்கட்டி உடைந்து, பக்கத்து வீட்டுப் பையன் டோபின் தண்ணீருக்குள் விழுந்துவிட்டான். பெரியவர்கள் நாங்கள் கரையில் நின்று அலறினோம். நம் குட்டி மகள் மேரன்தான் பனிமேல் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய், மப்ளரை வீசி அவனை இழுத்தாள். அவள் கை நடுங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "அம்மா, அவன் செத்திருந்தா அவனோட ஸ்கேட்டிங் ஷூவை எனக்குக் குடுத்திருப்பாங்களா?" என்று கேட்டாள்.

ஆய்வுக்காகச் சிறையில் நான் பேட்டி காணும் கொலைகாரர்களும் இதே குரலில்தான் பேசுவார்கள். ஈரமற்ற மனம் நோயல்ல, ஆபத்தில் பதறாமல் காப்பாற்றுவதால் மனித இனத்தில் தங்கிவிட்ட குணம் என்று நான் எழுதியபோது, "உனக்கே அப்படி ஒண்ணு பொறந்தா தெரியும்" என்று சிரித்தாய்.

இன்று டோபினின் அம்மா மேரனைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேரன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அதேபோல உதட்டைக் கோணி அழத் தொடங்கினாள்.

அவள் நலம். நீ சீக்கிரம் வா.

உன் மனைவி