என் கட்டிலில் ஏறிய புடலங்கொடி

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? சின்னவ பேச ஆரம்பிச்சுட்டாளா? எல்லாரும் சுகம்னு எழுது. இப்போ நான் திட்டுறதை வாங்கிக்கோ.

நீ அனுப்பின போட்டோ வந்தது. யாரைக் கேட்டு என் நாடாக் கட்டிலைக் கொல்லையில நிமிர்த்தி வெச்சு, புடலங்கொடியை ஏத்திவிட்டே? தலைமாட்டுல காய் தொங்குது! நான் வேலைக்குத்தானே வந்திருக்கேன், ஒரேயடியாவா போயிட்டேன்?

இங்க நடந்த கூத்தையும் கேளு. கால் உடைஞ்ச துணி ஸ்டாண்டையும் பழைய ஃபேன் கம்பிக்கூண்டையும் சேர்த்துக் கட்டி, பால்கனியில அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டேன். பூகூட விட்டுச்சு. லாண்டரியில ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பார்த்தா காணோம். விடுதி மேனேஜர் செடியோட பிடுங்கி எறிஞ்சிருக்கான். கேட்டா, "குப்பைன்னு நெனச்சேன்"ங்கிறான். "பூ பூக்குற குப்பையை நீ எங்கடா பார்த்தே?"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். கவலைப்படாதே, வேலைக்கு ஒண்ணும் ஆகலை.

அங்க என் கட்டில் பந்தலாச்சு, இங்க என் பந்தல் குப்பையாச்சு. நல்ல நியாயம்!

அவரை விதை கொஞ்சம் அனுப்பு. உன் பழைய புடவையில கிழிச்ச துணியில முடிஞ்சு அனுப்பு. கொடி கட்டவும் ஆகும்.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வேன்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். காய் ஓயுற வரைக்கும் கட்டில் அங்கயே நிக்கட்டும். ஆனா சின்னவ கை காட்டிக் கேட்டா, அது அப்பா கட்டில்னு சொல்லு. பந்தல்னு சொல்லிப் பழக்கிடாதே.

இப்படிக்கு,
கட்டிலுக்குச் சொந்தக்காரன்