தங்கள் பேச்சைக் கேட்டு எழுதிய ராஜினாமா

அனுப்புநர்:
ச. மரியஜோசப்,
த/பெ. சவரிமுத்து,
மாதா கோயில் தெரு, முத்தாண்டிக்குப்பம்,
நெய்வேலி வழி, தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு சோமசுந்தரம் அவர்கள்,
வேலை ஆலோசனை அலுவலர்,
வேலை தேடுவோர் வழிகாட்டு நிலையம்,
நெய்வேலி.

பொருள்: தங்கள் யோசனைப்படி நான் எழுதிக் கொடுத்த ராஜினாமாவைத் தாங்களே நேரில் வந்து ரத்து செய்து தரும்படி கேட்டல் தொடர்பாக.

பார்வை: சென்ற ஆகஸ்டு மாதம் நகரியச் சமூகக் கூடத்தில், 'வேலை தேடுவோருக்கும் வேலையில் மனக்குறை உள்ளோருக்கும் நடைமுறை யோசனைகள்' என்ற தலைப்பில் தாங்கள் ஆற்றிய சொற்பொழிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தப் புகார் தங்கள் மீது. அதைத் தங்களுக்கே எழுதுகிறேன். தெருவில் இரண்டு பேர், "யோவ், அவரு மேல குடுக்கிற பிராதை அவருகிட்டயே குடுப்பாங்களா? கலெக்டருக்கு எழுதுய்யா" என்று சிரித்தார்கள். ஆனால், மனக்குறை இருந்தால் முதுகுக்குப் பின்னால் பேசாதீர்கள், சம்பந்தப்பட்டவரிடமே நேராகச் சொல்லுங்கள் என்று மேசையைத் தட்டிச் சொன்னவர் தாங்கள்தான். தங்கள் யோசனைகளில் நான் இன்னும் கைவிடாமல் வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான்.

1. நான் நிலக்கரிச் சுரங்கத்தில் பத்து வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவன். ஓடுகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் மண்ணையும் கரியையும் வாரி, மறுபடியும் பெல்ட்டில் போடுவது என் வேலை. அது ஓயாமல் சிந்தும், நாங்கள் ஓயாமல் வார வேண்டும். இந்தப் பத்து வருடத்தில் காண்ட்ராக்டர்கள் மாறியிருக்கிறார்கள், நாங்கள் மாறவில்லை. புதிதாக வருகிறவர் பழைய ஆட்களையே எடுத்துக்கொள்வார். இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இங்கே எல்லாரும் மதிக்கிற வழக்கம் இது. என்றைக்காவது பெர்மனெண்ட் ஆவோம், என்றைக்காவது நகரியத்தில் ஒரு பிளாக்கில் ஒரு குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று, அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் சேற்றில் நிற்கிறார்கள்.

2. இன்னொரு வழக்கமும் உண்டு. எங்களில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் மனசு முடியவில்லை என்றாலும் அவர் வேலையை விடுவதில்லை. மச்சானையோ தம்பியையோ தன் இடத்தில் நிறுத்திவிட்டு நகர்ந்துகொள்வார். ஒரு மாதம், இரண்டு மாதம் வெளியே வேறு வேலை பார்த்துவிட்டு, ஆத்திரம் தணிந்ததும் திரும்பி வருவார். மச்சான் மண்வெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். காண்ட்ராக்டருக்கு ஆள் குறையாது, இவருக்கு இடம் போகாது. யாருக்கும் இதில் நட்டமில்லை.

3. எனக்கும் மனசு முடியாமல்தான் போனது. இப்போதைய காண்ட்ராக்டர் திரு. சிங்காரவேல். அவரிடம் நான் கேட்டது ஒரு ஜோடி பூட்ஸ். தண்ணீரில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் புண்ணாகி, செருப்புக்கூடப் போட முடியாமல் இருந்தேன். எனக்குச் சோறு கொண்டுவந்த என் மனைவி ஜெயசெல்வி சுரங்கக் கேட் அருகே நிற்கும்போது, அவள் காதுபடவே அவர், "தொரைக்கு பூட்ஸு வேணுமாம். இன்னா, மாப்பிள்ள ஊர்வலம் போறியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று கொண்டுவந்த சோற்றை நான் தொடவில்லை. சரி, இரண்டு மாதம் இந்த மூஞ்சியைப் பார்க்காமல் இருப்போம் என்று முடிவு செய்தேன். என் மனைவியின் தம்பி பவுல்ராஜை என் இடத்தில் நிறுத்திவிட்டு, பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துக்குப் போவதாகப் பேசி வைத்தோம். பவுல்ராஜும் சம்மதித்தான். இந்த நிலையில்தான் தங்கள் கூட்டத்துக்கு வந்தேன்.

4. உள்ளதைச் சொல்ல வேண்டும். தாங்கள் அன்று பேசியதில் பாதிக்கு மேல் நல்ல யோசனைகள். வேலைவாய்ப்புப் பதிவை மறக்காமல் புதுப்பியுங்கள், சான்றிதழ்களின் நகலைக் கையில் வைத்திருங்கள், பேட்டிக்குப் போனால் துவைத்த சட்டை போடுங்கள், தரையைப் பார்க்காமல் எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்றீர்கள். இதில் யாருக்கு என்ன கெடுதல்? கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் நான் எழுந்தேன். காலில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்க உக்காந்தே கேளுங்க ஐயா" என்றீர்கள். சுரங்கத்தில் பேண்ட் போட்ட ஒருவர்கூட என்னை அதுவரை 'நீங்க' என்றதில்லை. 'ஐயா' என்று நான்தான் பிறரைச் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன்.

5. பூட்ஸ் விஷயத்தையும், மச்சானை நிறுத்திவிட்டுப் போகப்போவதையும் சொன்னேன். தாங்கள் தலையை ஆட்டிவிட்டு, ஆள் மாற்றி ஆள் நிற்பது நேர்மை ஆகாது என்றீர்கள். பிடிக்காத வேலையில் ஒளிந்து விளையாடாதீர்கள், மரியாதையாக ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியே வாருங்கள், ஒரு கதவு அடைத்தால் இன்னொன்று திறக்கும் என்றீர்கள். கூட்டமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஐயா, அவ்வளவு பேசிய தாங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? 'நீங்க பெர்மனெண்டா, காண்ட்ராக்டா?' என்று கேட்டிருந்தால் நான் இந்த மனுவை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ராஜினாமா செய்வதற்கு வேலை என்று ஒன்று முதலில் நம் பேரில் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது வேலையல்ல, நிற்க ஓர் இடம். அதை எழுதிக் கொடுத்தால் திரும்பி வாங்க வழியே இல்லை.

6. ஜெயசெல்வி சொன்னாள், "எழுதிக் குடுத்துடாதய்யா, ஊருல யாரும் எழுதிக் குடுக்கல." படித்த ஆபிசரைவிட நீ பெரியவளா என்று அவளை அடக்கிவிட்டு எழுதினேன். கடிதத்தை நீட்டியதும் சிங்காரவேல் என்னை மேலும் கீழும் பார்த்து, "எழுதிக்கினே வந்துட்டியா?" என்றார். அவருக்கே நம்ப முடியவில்லை. பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை என் இடத்தில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் நின்றார். பேசி வைத்தபடி போய் நின்ற பவுல்ராஜை, "எந்த எடத்துக்குடா பதிலாளு? அந்த எடமே இல்லியே" என்று துரத்தினார்கள். இரண்டு பேர் பிழைப்பும் ஒரு தாளில் போயிற்று.

7. தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். உட்காரச் சொன்னீர்கள், அதை நான் மறுக்கவில்லை. நடந்ததைச் சொன்னதும், "நான் பொதுவாச் சொன்னது. அவரவர் நிலைமையைப் பார்த்து அவரவர்தான் முடிவு பண்ணணும்" என்றீர்கள். பொறுமையாக இருங்கள் என்று இன்னொரு யோசனையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். பொதுவாகச் சொன்னீர்களா! ஐயா, கூட்டத்தில் என் காலைப் பார்த்துவிட்டு, என் கதையைக் கேட்டுவிட்டு, என் பக்கம் கையை நீட்டி அல்லவா சொன்னீர்கள்? பலன் வந்திருந்தால் அது தங்கள் யோசனை, பாழாய்ப் போனால் மட்டும் அது என் முடிவா? அன்று மரியாதைக்காக வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

8. அத்தோடு விட்டிருந்தால்கூட நானும் விட்டிருப்பேன். சென்ற மாதம் வேறொரு பிளாக்கில் தாங்கள் கூட்டம் போட்டீர்கள். பவுல்ராஜ் போயிருந்தான். அங்கே தாங்கள், "போன கூட்டத்தில் கால் புண்ணோடு வந்த ஒரு தொழிலாளி என் பேச்சைக் கேட்டுத் துணிந்து வேலையை உதறினார். இன்று யாருக்கும் அடிமையில்லாமல் நிற்கிறார்" என்று சொன்னீர்களாம். எல்லாரும் கைதட்டினார்களாம். ஐயா, நடந்தது தெரிந்த பிறகு சொன்னீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தாங்கள் அதைச் சொன்ன அந்தச் சாயங்காலம் நான் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஜெயசெல்வி ஊட்டிவிட்டாள். நிற்கிறாராம்! நான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு நாளாவது வந்து பார்த்தீர்களா? என் அவமானத்தை எடுத்துத் தங்கள் பேச்சுக்கு ஜரிகை வைத்துக்கொள்ளத் தங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

9. இப்போது அவசரம் என்னவென்றால், நெடுநாள் வேலை செய்யும் ஒப்பந்த ஆட்களைக் கணக்கெடுத்து, பெர்மனெண்ட் ஆக்க யோசிக்கப் போகிறார்கள் என்று சுரங்கத்தில் பேச்சு. கிறிஸ்துமஸுக்கு முன் ஆட்களை நேரில் நிறுத்திப் பெயர் எழுதுவார்களாம். அன்று இடத்தில் நிற்பவனுக்குத்தான் பெயர். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் நிற்பார்கள். பத்து வருடம் நின்ற நான், அந்த ஒரு நாள் கேட்டுக்கு வெளியே நிற்பேன்.

10. ஒரு வழி மட்டும் இன்னும் அடைபடவில்லை. சிங்காரவேல் என் கடிதத்தை மேலே அனுப்பவில்லை. பவுல்ராஜ் போய்க் கெஞ்சியபோது, ஷிஃப்ட் முடிந்து வந்த ஆட்கள் எல்லார் எதிரிலும் அவர், "அந்த ஆபிசரையே வரச் சொல்லுடா. 'நாந்தான் தெரியாம சொல்லிட்டேன்'னு ஒரு வார்த்த சொல்லட்டும், இங்கியே கிழிச்சிப் போட்டுட்டு அவன் எடத்த அவனுக்கே குடுத்துடறேன்" என்றார். தாங்கள் வர மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் மீது எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைச் சொல்வேன்: ஆட்கள் எதிரில் விட்ட வார்த்தையை அவர் இதுவரை மாற்றியதில்லை.

11. ஆகவே ஐயா, நான் தங்களிடம் வேலை கேட்கவில்லை. பணமும் கேட்கவில்லை. என்னோடு ஒரு நடை சுரங்கக் கேட் வரை வாருங்கள். ஜீப்பில் வந்தாலும் சரி, என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாலும் சரி. 'தெரியாமல் சொல்லிவிட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். அதனால் தங்கள் உத்தியோகம் போய்விடாது, தங்களுடையது பெர்மனெண்ட். என் இடம் திரும்பி வந்துவிடும். பூட்ஸ் இல்லாமலே நிற்கிறேன்.

12. இனிமேல் கூட்டம் போட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? போடுங்கள். ஆனால் மனக்குறையோடு எழுந்து நிற்பவனிடம், எப்படிப்பட்ட வேலை, யார் பேரில் வேலை, விட்டால் திரும்ப முடியுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள். காண்ட்ராக்ட் ஆள் என்றால், எதையும் எழுதிக் கொடுக்காதே என்று சொல்லி உட்கார வையுங்கள். என்னை உதாரணம் காட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முழுக் கதையையும் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் முத்தாண்டிக்குப்பத்திலேயே தங்கள் கூட்டம் என்று தட்டி கட்டியிருக்கிறார்கள். அதற்குள் தாங்கள் சுரங்கக் கேட்டுக்கு வந்துவிட்டால், நானே முன்னால் நின்று தங்களுக்கு மாலை போடுவேன். வராவிட்டாலும் கூட்டத்துக்கு வருவேன். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஜெயசெல்வியோடு முதல் வரிசையில் உட்காருவேன். கூச்சல் போட மாட்டேன், கேள்வியும் கேட்க மாட்டேன். பிடிக்காத வேலையை உதறிவிட்டு வாருங்கள் என்று சொல்லும் இடம் வரும்போது மட்டும், தாங்களே சொல்லிக்கொடுத்தபடி, தரையைப் பார்க்காமல் என் கண்ணைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: முத்தாண்டிக்குப்பம்
நாள்: 15.11.1982

இப்படிக்கு,
தங்கள் பேச்சைக் கேட்டவன்,
(ஒப்பம்) ச. மரியஜோசப்