முகம் திருப்பாத பிழையால் அரிந்தா நாட்டினின்று விடுத்த ஓலை

நலம் மலிக. மழை பொய்யாத செங்குன்ற நாட்டின் பேரமைச்சர் ஏனாதி நல்லுருத்திரனார் திருமுன், மேல்கடலுக்கு அப்பால் அரிந்தா நாட்டில் தூதனாய் இருக்கும் எயினன் கொற்றன் பணிந்து எழுதியது. நம் கோமகனுக்கும் குடிகளுக்கும் குறைவிலாது நலம் பெருகுக. எனக்கு நலமில்லை, அஞ்சியே எழுதுகிறேன்.

இந்நாட்டில் அரசகுலம் இல்லை. குடிகளே தலைவரைத் தேர்வர். தலைவர் பசீலியோ புகையிலை வணிகரின் மகன். ஏழைகளுக்காக வழக்காடிப் பேர்பெற்றவர். மூன்றாண்டுக்கென்று அமர்த்தினார்கள், அது முடியுமுன் ஆயுள் முழுதுக்கும் தாமே என்று எழுதுவித்துக்கொண்டார். பின் துறைகளை அடைத்தார். இருபத்தாறு ஆண்டுகளாக உள்ளே வந்தவர் எவரும் வெளியேறவில்லை. பொய் சொல்லலாகாது; அவர் கைசுத்தமானவர், ஒரே அங்கியைத் தைத்துத் தைத்து அணிந்தவர். தெருவில் கதவுக்குத் தாழில்லை. ஆயினும் வீட்டுக்குள் உரக்கப் பேசுவாரும் இல்லை. காவலுக்கு வைத்த வேலியே பயிரை மேய்ந்தது.

மாலைதோறும் மணி அடித்ததும் அவர் வண்டி வரும். அப்போது எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அவர் முகம் காண்பது குற்றம். ஆள்வோருக்கு முதுகு காட்டுதல் நமக்குப் பெரும்பழி அல்லவா? நான் நேர்நின்று கைகூப்பினேன். எனக்கு வழக்கம் சொல்லித் தராத பிழை தன்னுடையதே என்று என் மொழிபெயர்ப்பாளர் மத்தேயோ முன்வந்து உரைத்தார். அவரைக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அவர் மனைவி என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுவே பொறுக்க முடியவில்லை.

தைத்திங்களில் நம் இளங்கோ இங்கு வரக் கப்பல் ஒருக்குவதாக அறிந்தேன். அவரும் கைகூப்புவார், அவருக்குப் பழக்கம் அதுதான்.

இன்னும் ஒன்று. தலைவர் இறந்து ஒன்பது நாளாயிற்று என்று அவருடைய மருத்துவர் என் காதோடு சொன்னார். உடனே பயந்து, தாம் ஒன்றும் சொல்லவில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். தலைவர் பெயரால் ஆணைகள் இன்றும் வருகின்றன. அவர் இல்லை என்று முதலில் சொல்லும் துணிவு ஒருவருக்கும் இல்லை. நேற்றும் மணி அடித்தது. வண்டி வந்தது. ஊர் முழுதும் சுவரைப் பார்த்து நின்றது. வண்டிக்குள் ஆளில்லை என்று அறிந்திருந்தும் நானும் அப்படியே நின்றேன்.

என் முத்திரை மோதிரத்தைப் பறித்துக்கொண்டார்கள். ஆகவே பெருவிரல் ரேகை பதித்தேன். காவலுக்குத் தப்பி ஓலை கொணரும் ஓடக்காரனை எதுவும் கேளாது விடுக. இளங்கோவின் கப்பலை நிறுத்துக. மறுவோலை விடுக்கற்க. என் இல்லாள் கேட்டால், காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுக.