குளத்தில் கப்பல்

இன்று காலை உங்கள் வெள்ளைச் சேட்டில் கறள் பிடித்துவிட்டது. பின்வளவுக் கொடிக்கம்பித் துரு செய்த வேலை. தேசிக்காய் பிழிந்து தேய்க்கிறேன், அசையவில்லை. போட ஆளில்லாத சேட்டைத்தான் இன்னும் தோய்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கறள் மணம் மூக்கில் ஏறியதும், எங்கள் லிட்கம் வீட்டில் நீங்கள் என்னைப் பெற்ற ஐயாவுக்கு முன்னால் கதிரை நுனியில் குந்தியிருந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

எழுபதுகள். சிட்னியில் தமிழரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் அமெரிக்காவிலிருந்து வந்து, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இரும்புக்கல் ஏற்றும் துறைகளுக்குப் படம் வரையும் கந்தோரில் சேர்ந்திருந்தீர்கள். நான் அங்கே தட்டெழுத்து வேலை. என்னைப் பெண் கேட்டு வந்த உங்களிடம், முந்தி என்ன வேலை என்று ஐயா கேட்டார்.

"குளத்திலை கப்பலுக்கு இரும்புக்கல் ஏத்திறது, அங்கிள்."

ஐயா கண்ட குளத்தில் எருமைதான் படுத்திருக்கும். அமெரிக்காவின் பேரேரி அது; ஏரி என்றாவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர் வாய்க்கு எல்லாமே குளம்தானே! நீங்களோ விட்டபாடில்லை. ஆதியில் தள்ளுவண்டியில் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டினார்களாம். பிறகு மரத்தாலே பனையிலும் உயரமான துறை கட்டி, அதன் உச்சியில் ரயிலை ஓடவிட்டார்களாம். ரயில் துறையின் அறைகளுக்குள் கொட்டிய கல் சரிவுத் தகடு வழியே தன் பாரத்திலேயே கப்பலுக்குள் இறங்குமாம். மரம் போய் உருக்கும் கொங்கிரீட்டும் வந்ததாம். குளிரில் கல் உறைந்தால் நீராவி அடித்து இளக்க வேண்டுமாம். இப்போது பெல்ட் வந்து அதையெல்லாம் தள்ளுகிறதாம்.

நீங்கள் படி இறங்கியதும் ஐயா சொன்னார். "குளத்திலை கப்பல், தலைக்கு மேலை ரயில்! இந்தப் புளுகனுக்கோ பிள்ளையைக் குடுக்கிறது?"

மறுநாள் கந்தோரில் உங்களிடம் கெஞ்சினேன். "இனிக் கேட்டால் கடல் எண்டு சொல்லுங்கோவன். இல்லாட்டி எங்கடை கலியாணம் நடவாது."

"உப்பில்லாத தண்ணியைக் கடல் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டெழுத்து மெஷினைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு ஐயாவே வழி விட்டார். "யோசிச்சுப் பாத்தன் தம்பி. அது கடல்தானே?"

நான் குசினி வாசலில் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இல்லை அங்கிள். மறுகரை தெரியாது. எண்டாலும் குளம்தான்."

ஐயா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். பிறகு என்னிடம் திரும்பினார். "பொம்பிளை கேட்டு வந்த இடத்திலையும் பொய் சொல்லத் தெரியாத விசரன். குடுக்கலாம்."

அந்த விசரோடு, உண்மைப் பைத்தியத்தோடு, குடித்தனம் நடத்துவது லேசில்லை. புதுச்சேலை வடிவோ என்று கேட்டு, இல்லை என்று நீங்கள் சொல்ல, நான் அழுத நாட்களும் உண்டு.

கடைசியில், ஆசுபத்திரியில், நீங்கள் சுகமாகி வீட்டுக்கு வரலாம் என்று எங்கள் பிள்ளைகள் சொன்னார்கள். அவர்கள் வெளியே போனதும் என்னைப் பார்த்தீர்கள். "நீர் சொல்லும். வீட்டை வருவனோ?"

"இல்லை" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "உம்மட்டைக் கேட்டது நல்லதாப் போச்சு."

இப்போது வருகிறவர்கள் எல்லாரும், "எப்பிடி அன்ரி, சுகமோ?" என்கிறார்கள். ஓம், சுகம் என்றால் அவர்களுக்கும் லேசு, எனக்கும் லேசு.

"இல்லைப் பிள்ளை" என்றுதான் சொல்கிறேன்.