கட்டியது நான்தான்

இன்று காலை கம்பெனியில், தகடு அடிக்கும் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பொத்தானை வேஸ்ட் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். எண்ணெய் நாற்றமடித்த அந்தத் துணியைக் கத்தரித்து எடுத்தேன். அவளைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். பாவம், திருதிருவென்று முழித்தாள். திட்டு வாங்க வேண்டியவள் யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்? உனக்கே தெரியாதே.

இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். ஒன்றைக் கட்டிவிட்டால் ஒரு கை மிச்சம், டார்கெட் சீக்கிரம் முடியும். கும்மிடிப்பூண்டியில் நம் கம்பெனியில் எல்லோரும் செய்ததுதான். நீ மட்டும் செய்ததில்லை. திருநின்றவூரில் யாரோ வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் நடந்த புத்தர் தியானக் கூட்டத்துக்குப் போய்வந்து, அங்கே கேட்டதை இங்கே பிரஸ்ஸில் பழகிக்கொண்டிருந்தாய். பிரஸ் இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆள். 'நல்லா இருக்கட்டும்' என்று மனசுக்குள் ஒருவரை நினைத்துவிட்டுத்தான் பொத்தானைத் தொடுவாய். நம்மைக் கடித்துக் குதறும் சூப்பர்வைசருக்கும் தினம் ஒரு அடி உண்டு. அந்த ஆளுக்கு எதற்கு என்று நான் எரிந்து விழுந்தால், "அவன் ஊட்ல இன்னா பேஜாரோ, யாருக்குத் தெரியும்" என்பாய். கை எங்கே இருக்கிறதோ அங்கேயே மனசும் இருக்க வேண்டும், தியானம் அவ்வளவுதான் என்பாய். உன்னைச் சாமியாரம்மா என்று கிண்டல் செய்வேன்.

அந்த மதியம் என் ஷிப்ட் முடிந்து நீ வந்து உட்காரும் நேரம். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தினமும் துணியை அவிழ்த்துவிட்டுப் போகிறவள், அன்று அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எண்ணெயில் கறுத்த துணி, உன் கண்ணில் பட்டிருக்காது. இன்னொரு பொத்தானைத் தொடாமல் பிரஸ் இறங்காது என்ற நம்பிக்கையில், வலது கை தன் பொத்தான்மேல் இருக்க, இடது கையால் தகட்டை நேராக்கியிருக்கிறாய். சோழவரத்தில் நான் சோறு தின்றுகொண்டிருந்தபோது, உன் நாலு விரல் போய்விட்டதென்று செய்தி வந்தது.

விசாரணையில், நீயே கட்டியதாக எழுதினார்கள். நான் பார்த்ததாகக் கையெழுத்துக் கேட்டார்கள். வேலை போய்விடுமே என்ற பயம். போட்டேன்.

எளாவூருக்கு உன்னைப் பார்க்க வந்தேன். சொல்லிவிடத்தான் வந்தேன், சத்தியமாக. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் துணியக் கட்லடி" என்றாய். அப்புறம் நீயே சொன்னாய்: "ஆனா நீ பாத்தேன்னு கையெழுத்து போட்டுக்கிற. நீ பொய் சொல்ற ஆளு இல்ல. அப்ப நான்தான் கட்டியிருக்கேன். என் கை இன்னா பண்ணுதுன்னே எனக்குத் தெரியல. இத்தினி நாளா இன்னா தியானம் பண்ணிக்கினு இருந்தேன்?"

நான் கொண்டுவந்த சாத்துக்குடியை உரித்துக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ திருநின்றவூர் பக்கமே போகவில்லை. யாரையும் நினைத்து நல்லது சொல்வதையும் விட்டுவிட்டாய். அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாய். சாகும்வரை, அடுப்பை அணைத்தோமா, கதவைச் சாத்தினோமா என்று ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுந்துபோய்ப் பார்ப்பாயாம். உன் அம்மா என்னிடம் சொல்லி அழுதாள். அவளிடமும் நான் வாயைத் திறக்கவில்லை.

நீ விட்டதை இப்போது நான் செய்கிறேன், அடிக்கு ஒரு ஆளாக. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் 'நல்லா இருக்கட்டும்' என்று என்னால் சொல்ல முடிகிறது. எனக்குச் சொல்லிக்கொள்ள மட்டும் வரவில்லை, வரவும் வேண்டாம். அன்று எளாவூரில் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய். அழுதுவிட்டு என்னை மன்னித்திருப்பாய். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.