பொருத்திருங்கள்

பிப்ரவரி 3

லேப் மேடத்துக்கு,

இங்கு நலம். அங்கும் நலமாகத்தான் இருப்பாய்.

இரண்டு வருடத்துக்கு முன் தொலைபேசியில் நான் கத்தி, நீ அழுது, ‘இனி எதுவானாலும் எழுத்தில்’ என்று முடிவானது நினைவிருக்கும். அந்த எழுத்து மின்னஞ்சலில் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமையோடு அதுவும் போயிற்று. மேஜைக்கு அடியில் பத்து வருடமாக என் முழங்காலைச் சுட்டுக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டி, ஒருமுறை இருமிவிட்டு அடங்கிவிட்டது. பழுதுபார்க்க வந்தவர் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். “சார், இதுல ஒண்ணும் மிச்சமில்ல” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மருந்துச் செடிகளைப் பற்றிய ஆயிரத்து நூறு பக்க நூலுக்குச் சொல்லடைவு செய்துகொண்டிருக்கிறேன். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல்; யாரும் நன்றி சொல்லாத வேலை. ஜூன் கடைசியில் பதிப்பகத்துக்குப் போக வேண்டும். இப்போதைக்கு அட்டைத் துண்டுகளில் கையால் எழுதுகிறேன். கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

சின்னதாக, மேஜை மேல் வைக்கிற மாதிரி ஒன்று இருக்கிறதாமே. அதை இப்போதே வாங்குவதா? புது வடிவத்தில் வரப்போகிறது என்கிறார்களே, அதுவரை இருப்பதா? காலேஜ் லேபில் நாற்பது கம்ப்யூட்டர்களை மேய்க்கிறவள் நீ. ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சொல்லடைவுக்காரன்

பி.கு.: எழுதும்போது அட்டையில் என் கை நிழல் விழுகிறது. இங்கே இருந்த மேஜை விளக்கை நீ போகும்போது எடுத்துப் போய்விட்டாய். ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.


பிப்ரவரி 10

பிழையாருக்கு,

அச்சுப் பிழை பார்த்துப் பார்த்தே முகம் சுருங்கிப் போனவருக்கு நான் வைத்த பெயர். கூப்பிட்டு நான்கு வருடமாகிறது. கோபம் வந்தால் வரட்டும். ‘சேவ் பண்ணியாச்சா?’ என்று நச்சரித்ததற்கு நீங்களும்தானே எனக்குச் சேவ் மேடம் என்று பெயர் வைத்தீர்கள்.

என்னிடம் ஒரு வரி கேட்க நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். போன வருடத்து மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு வராது. ‘பெற்றேன். நன்றி.’ அதுதானே உங்கள் மின்னஞ்சல்? உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் லேபில் உட்கார்ந்தபடியே படித்தேன். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர், “என்ன மேடம், லவ் லெட்டரா?” என்றாள். “இல்ல, கம்ப்யூட்டர் கொட்டேஷன்” என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இப்போது கடையில் இருப்பது பழைய வார்ப்பு. வேலைக்குக் குறையில்லை, ஆனால் பல வருடத்து உடம்பு. புதியது பாதி அளவுதானாம், சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. சத்தமே வராதாம். ஒரே வேடிக்கை, ஆன் பண்ணும் பட்டனை அடியில் வைத்திருக்கிறார்களாம். தினமும் தூக்கிப் பார்த்துத்தான் எழுப்ப வேண்டும், உங்களை எழுப்புகிற மாதிரி.

அதனால் அவசரப்படாமல் பொருத்திருங்கள்.

விளக்கு பத்திரமாக இருக்கிறது.

உங்கள்
சேவ் மேடம்


மார்ச் 2

லேப் மேடத்துக்கு,

உன் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்று பிழைகள். மற்ற இரண்டையும் விட்டுவிடலாம். ‘பொருத்திருங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். சின்ன ர போட்டால் ஒன்றோடொன்றை மாட்டுவது. பெரிய ற போட்டால்தான் காத்திருப்பது. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லியும் உனக்கு வரவில்லை.

எந்த எழுத்தில் எழுதினாலும் உன் வாயிலிருந்து வரும் அந்தச் சொல் எனக்கு ஆகாது. நான்கு வருடத்துக்கு முன் ரயில் ஜன்னல் வழியாகச் சொன்னாய்: “ஒரு வருஷம் பொறுங்க. இங்க இருக்கற காலேஜ் கிளைக்கே மாற்றல் வாங்கிட்டு வந்துடறேன்.” நானும் ஒரு காலண்டரில் நாள் அடித்துக்கொண்டு வந்தேன். டிசம்பரில் காலண்டர்தான் தீர்ந்தது.

போகட்டும். அட்டைத் துண்டுகள் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டன. சாப்பாட்டு மேஜை, கட்டில், நீ துணி மடித்து வைக்கிற நாற்காலி எல்லாம் அவைதான். மாடி வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “தனியா உக்காந்து சீட்டாடறீங்களா சார்?” என்றார். ஆமாம், தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஒரே செடிக்கு ஏழு பெயர் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ‘காண்க’ என்று போட்டு அடுத்த பெயருக்கு அனுப்ப வேண்டும். ஆறாவதில் மறுபடி முதல் பெயருக்கே அனுப்பிவைத்திருந்தேன். நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். சிரிப்பு வந்தது. சொல்ல ஆளில்லாததால் எழுதுகிறேன்.

புது வடிவம் வந்துவிட்டதா?

சொல்லடைவுக்காரன்


மார்ச் 12

பிழையாருக்கு,

சிவப்பு மை கிடைத்தது. பழைய மாணவி மாதிரி பயந்துகொண்டே பிரித்தேன்.

ஏழு பெயர் செடிக் கதையைக் கணக்கு டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். “உங்க வீட்டுக்காரர் இவ்வளவு தமாஷா பேசுவாரா?” என்றாள். பேசுவார், எதிரில் ஆளில்லாதபோது என்றேன்.

காலண்டரை ஞாபகப்படுத்தினீர்கள். நானும் ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். முதல் வருட முடிவில், “நீங்களாவது இங்க வந்துடுங்களேன்” என்று கேட்டேன். நீங்கள் மேஜைக்கு அடியில் காலால் தட்டிக் காட்டி, “இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க வர்றது?” என்றீர்கள். ஒரு மனுஷிக்கும் ஒரு பெட்டிக்கும் நடந்த போட்டியில் பெட்டி ஜெயித்தது.

கம்ப்யூட்டருக்கு இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள். பெரிய ற, பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனுக்கு நாள் இருக்கிறதே. அதுவரை அட்டையில் நடப்பதையெல்லாம் எழுதுங்கள். மாடி வீட்டுக்காரர் வேறென்ன சொன்னார்?

உங்கள்
சேவ் மேடம்


ஏப்ரல் 20

லேப் மேடத்துக்கு,

வகைபிரிக்க ரப்பர் வளையம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடை குறுக்கே வந்தது. உள்ளே போய், புது வடிவம் எப்போது வரும் என்று கேட்டேன்.

கடைக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வந்து ரெண்டு மாசம் ஆச்சே சார்! உங்க கைக்குப் பக்கத்துல இருக்கறதுதான்.”

கை வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். இருந்தது.

“காலேஜுக்கெல்லாம் டஜன் டஜனாப் போகுது. உங்களுக்கு யாருமே சொல்லலையா?” என்றார். சொல்ல வேண்டியவருக்கு வேலை அதிகம் என்றேன். வாங்காமல் வந்துவிட்டேன். ரப்பர் வளையமும் வாங்கவில்லை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி எனக்கு எழுதும்போது உனக்குத் தெரியும். நாற்பது கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பானவளுக்குத் தெரியாது என்று நம்ப நான் தயாரில்லை. என்னைக் காக்கவைப்பதில் உனக்கு என்ன சுகமோ. ஏன் என்று மட்டும் எழுது. அதற்குப் பிறகு நமக்குள் கடிதமும் வேண்டாம்.

கையொப்பம் தேவையில்லை.


ஏப்ரல் 28

பிழையாருக்கு,

பிப்ரவரி இருபதாம் தேதி வந்தது. லேபுக்குப் பன்னிரண்டு வாங்கினேன். ஒன்று என் மேஜையில் இருக்கிறது. அதை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, அதே மேஜையில்தான் பொறுத்திருக்கச் சொல்லி உங்களுக்கு எழுதினேன்.

ஏனென்றால், நீங்கள் வாங்கிய மறுநாளே ‘பெற்றேன். நன்றி’ வந்துவிடும். இந்த இரண்டு மாதம் எனக்கு என் வீட்டுக்காரர் கிடைத்தார். கத்துகிறவர்தான், குத்திக்காட்டுகிறவர்தான். ஆனாலும் பக்கம் பக்கமாகப் பேசினார்.

ஒளித்தது இது ஒன்றுதான் என்றால் இதோடு நிறுத்திவிடுவேன். இன்னொன்றும் இருக்கிறது. மாற்றல் இரண்டு முறை கேட்டேன், இடமில்லை என்றார்கள். மூன்றாவது முறை கிடைத்தது. நான்தான் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். இந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று. காலையில் லேபைத் திறந்து நாற்பது திரையும் ஒவ்வொன்றாக விழிக்கும்போது, இது என் இடம் என்று தோன்றுகிறது. அதை உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. கிடைக்கவில்லை என்றே சொல்லிவந்தேன்.

இப்போது இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மே பதினைந்து கடைசி. போடவா, விட்டுவிட்டு வந்துவிடவா? இந்த முறை உங்களைக் கேட்காமல் செய்யமாட்டேன்.

பதில் வரும்வரை பொருத்திருப்பேன்.

உங்கள்
சேவ் மேடம்


மே 9

சேவ் மேடத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. நான்கு பதில்கள் எழுதிக் கிழித்தேன். நாலும் நன்றாகத்தான் இருந்தன, பிழையே இல்லை.

மூன்றாவது மாற்றலை நான் மன்னிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குள்ள குறைகளின் பட்டியலில் விளக்குக்கு மேலே அதைச் சேர்த்திருக்கிறேன். ஆயுள் முழுக்க அவ்வப்போது எடுத்துப் பேசுவேன்.

ஆனால் சொல்லடைவு செய்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல்லைப் பிடித்தால் அது வரும் எல்லா இடத்தையும் தேட வேண்டும். ‘பெட்டி’ என்று தேடிப் பார்த்தேன். நீ கேட்ட வருடம், அதற்கடுத்த வருடம், போன வருடம். எல்லா இடத்திலும் சொன்னவன் நான்தான்.

நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். அம்மாள் அதை என் கையில் கொடுத்தார். “பாருங்க சார், கைப்பையில போட்டுக்கிட்டு எந்த ஊருக்கு வேணும்னாலும் போகலாம்.” உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். மூன்று வருடமாக நான் சொல்லிவந்த காரணத்தின் எடை அவ்வளவுதான்.

வாங்கிவிட்டேன். பில் போடும்போதுதான் திரை தனி என்றார்கள். விவரக் குறிப்பில் எல்லாவற்றையும் வரிக்கு வரி படித்த நான் இதை விட்டிருக்கிறேன். பழைய திரையின் வயர் இதில் நுழையாது. “சின்னதா ஒரு கனெக்டர் போட்டா போதும் சார்” என்றார் அம்மாள். வேண்டாம், திரை வேறொரு இடத்தில் இருக்கிறது என்றேன். “எங்க?” என்றார். கொஞ்சம் தூரம் என்றேன்.

நீ கையெழுத்துப் போடு.

அட்டைகளை அகரவரிசையில் கட்டிவிட்டேன். ஜூன் ஒன்றாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். தட்டச்சு வேலை அங்கேதான். அதற்குப் பிறகு என்ன என்று இப்போது கேட்காதே.

‘பொருத்திருப்பேன்’ என்று எழுதியிருக்கிறாய், மறுபடியும் சின்ன ர. சிவப்புப் பேனாவை எடுத்தேன். இந்த முறை திருத்தவில்லை.

விளக்கை இடது பக்கம் நகர்த்தி வை. எழுத்தின் மேல் என் கை நிழல் விழக் கூடாது.

இப்படிக்கு,
பிழையார்